அரைக் கட்டை

போன மாதம் ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் ஒரு கல்யாண ரிசப்ஷனுக்குப் போயிருந்தோம். எங்கள் மேசையில் உட்கார்ந்திருந்த பெண் ஒரு மருந்து கம்பெனியில் வேலை பார்க்கிறாள், சனி ஞாயிறுகளில் நண்பர்களோடு சேர்ந்து கீபோர்டு வாசிக்கிறாள். என் கணவர் ரஃபீக் வழக்கம்போல என் பெருமையைப் பேசி முடித்திருந்தார். அவள் பிரியாணித் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ஆன்ட்டி, நீங்க அந்த இங்கிலீஷ் ராக் பேண்டோட டூர் பண்ணீங்கன்னு அங்கிள் சொல்றாரு. நான் அவங்க வீடியோ எல்லாம் பாத்திருக்கேன். ஒண்ணுலகூட நீங்க இல்லையே."

அவள் சொன்னது சரி. நான் மேடையின் இடது பக்கம், கறுப்புத் துணிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். அப்படி ஒரு வேலை இருந்தது என்பதையே அவளுக்கு முதலில் புரியவைக்க வேண்டியிருந்தது. இப்போது அந்த வேலை இல்லை. பெரிய குழுக்கள் கீபோர்டு வாசிப்பை முழுசாக லேப்டாப்பில் ஏற்றிக்கொண்டு வருகிறார்கள். மேடையில் ஏதாவது ஆனால் ஒரு பட்டனைத் தட்டினால் போதும். அவள் விடாமல் கேட்டதால் அன்று கொஞ்சம் சொன்னேன். மீதியை இங்கே எழுதுகிறேன்.

நான் திருச்சி. கான்வென்ட்டில் படிக்கும்போது பியானோ கற்றுக்கொண்டேன். அத்தாவைப் பொறுத்தவரை அது இங்கிலீஷ் கிராமர் மாதிரி இன்னொரு பாடம், அதனால் தடுக்கவில்லை. பரீட்சைகள் எழுதினேன், நிக்காஹ் ஆனது, ரஃபீக்கின் விசாவில் ஒட்டிக்கொண்டு நியூ ஜெர்சி வந்தேன். ஐசலினில் ஒரு புடவைக் கடைக்கு மேல் வீடு. எனக்கு வேலை பார்க்க அனுமதி கிடையாது. யாரோ வீடு காலி பண்ணும்போது விட்டுப்போன கீபோர்டில் ஹெட்போன் மாட்டி வாசித்துக்கொண்டே சில வருஷங்கள் போயின. கிரீன் கார்டு வந்தபோது மகள் சபீனா பள்ளியில் சேர்ந்திருந்தாள். அவள் பள்ளி நாடகத்தில் பியானோ வாசிக்க வேண்டிய டீச்சருக்கு உடம்பு முடியாமல் போக, நான் போய் உட்கார்ந்தேன். அங்கே என்னைப் பார்த்த ஒருவர் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இசை நாடகம் போடும் தியேட்டரில் வேலை இருக்கிறது என்றார்.

அந்த வேலைக்கு 'சப்' என்று பெயர். மேடைக்குக் கீழே பள்ளத்தில் உட்கார்ந்து வாசிக்கும் கலைஞருக்கு லீவு வேண்டுமென்றால் அவர் இடத்தில் இன்னொருவர் உட்கார வேண்டும். அதற்கு முன்னால் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து, எங்கே பக்கம் திருப்புகிறார், எங்கே மூச்சு விடுகிறார் என்று எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பிறகு ஒத்திகையே இல்லாமல் ஒருநாள் நேராகப் போய் வாசிக்க வேண்டும். யாரும் எதையும் கவனிக்கவில்லை என்றால் அதுதான் பாராட்டு. முதல் தடவை பாத்ரூமில் வாந்தி எடுத்துவிட்டுத்தான் போய் உட்கார்ந்தேன். அந்தப் பயம் கடைசிவரை என்னை விட்டுப் போகவில்லை. ஆனால் அது வாசிப்பில் தெரிந்ததில்லை, அதனால் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். ஊரில் மாமி போனில் கேட்கும்போதெல்லாம் ரஃபீக், "மியூசிக் டீச்சரா இருக்கா" என்று சொல்லிச் சமாளித்தார்.

இப்படித்தான் கிளைவிடம் போய்ச் சேர்ந்தேன். அவர் அந்த ராக் குழுவின் கீபோர்டு கலைஞர். எழுபது தாண்டியவர். மணிக்கட்டில் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. மாற்று ஆள் இல்லாமல் டூருக்குக் காப்பீடு கொடுக்கமாட்டோம் என்று இன்ஷூரன்ஸ்காரர்கள் சொல்லிவிட்டார்கள். குழுவின் டூர் மேனேஜர் டயான் என்னை அழைத்து விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னாள். ஒவ்வொரு கச்சேரியிலும் நான் மறைவில் உட்கார்ந்து கிளைவ் வாசிப்பதையெல்லாம் கூடவே வாசிக்க வேண்டும். என் சத்தம் ஜனங்களுக்குப் போகாது. அவர் கை நின்றுபோனால் மட்டும் சவுண்ட் இன்ஜினியர் என் சத்தத்தைத் திறந்துவிடுவார். அப்போது என் கீபோர்டுக்கு மேல் ஒரு சிவப்பு பல்பு எரியும். எரியாத வரைக்கும் நான் மேடையில் இல்லாத ஆள்.

நியூ ஜெர்சியில் ஒரு பழைய கிடங்கில் ஒத்திகை நடந்தது. அங்கேதான் அவரை முதலில் பார்த்தேன். ஒல்லியான ஆள், முழுக்கைச் சட்டையின் கழுத்துப் பட்டன்வரை போட்டிருப்பார். கை கொடுத்துவிட்டு, என் பெயர் கடினமாக இருப்பதால் தவறாகச் சொல்வதற்குப் பதில் மிஸஸ் ரஃபீக் என்று கூப்பிடலாமா என்று கேட்டார். அப்படியே கூப்பிட்டார். அவர் பேசியதெல்லாம் இங்கிலீஷ்தான். என் நினைவில் அது தமிழாகவே இருக்கிறது, அப்படியே எழுதுகிறேன்.

இளமையில் லண்டனில் அவர் ஸ்டூடியோ ஸ்டூடியோவாக அலைந்து வாசித்தவர். காலையில் ஒருவர் பாட்டு, மத்தியானம் இன்னொருவர் பாட்டு, எதிலும் அவர் பெயர் இருக்காது. இந்தக் குழுவில் சேர்ந்து பெயர் வந்தது பிற்பாடுதான். ஆனால் குணம் ஸ்டூடியோக்காரரின் குணமாகவே இருந்தது. எல்லோருக்கும் முன்னால் வந்துவிடுவார். சத்தமாகப் பேசமாட்டார். யாரையும் பாராட்டவும் மாட்டார்.

முதல் நாள் என்னை வாசிக்கவே விடவில்லை. அவர் ஸ்டூலுக்குப் பின்னால் ஒரு நாற்காலி போட்டு, கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு கேட்கச் சொன்னார். இரண்டாம் நாள் கீபோர்டை அணைத்துவிட்டு வாசிக்கச் சொன்னார். சத்தம் இருந்தால் நான் என் காதைத் திருப்திப்படுத்தப் பார்ப்பேனாம். அவருக்கு என் கை எங்கே போகிறது என்பதுதான் வேண்டும். மூன்று சுரங்களைச் சேர்த்து அழுத்தும் கார்டில் நடுச் சுரத்தை அவர் பாதி நேரம் விட்டுவிடுவார், கிதார் அதைத் தொடும் என்பதால். ஆர்கனில் விரல் பட்ட பிறகுதான் சத்தம் கூட்டும் கால் பெடலை மெதுவாக அழுத்துவார். அதனால் சத்தம் எங்கே ஆரம்பித்தது என்றே தெரியாது. ஆர்கனின் ஸ்பீக்கர் சுற்றக்கூடியது, ஸ்விட்சைத் தட்டியவுடன் வேகம் எடுக்காது. பாடகர் குரலை உயர்த்தப்போகும் இடத்தில் அது முழு வேகத்தில் இருக்க வேண்டுமென்றால் அதற்கு ஒரு வரி முன்னாலேயே தட்டிவிட வேண்டும். இதையெல்லாம் அவர் வாயால் சொல்லவில்லை. நான் தவறும்போது நிறுத்துவார். மறுபடி வாசிப்பார். நான் பிடித்துக்கொண்டதும் அடுத்ததற்குப் போய்விடுவார்.

ஒரு இடத்தில் நான் ஒரு சின்ன அலங்காரம் சேர்த்தேன். அது நன்றாகத்தான் இருந்தது. அவர் நிறுத்திவிட்டு, "இது என்னைவிட நல்லா இருக்கு. அதனாலதான் வேண்டாம்" என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். எனக்குக் காது சூடாகிவிட்டது.

டூர் தொடங்கியது. கச்சேரி நாட்களில் என் வேலை மத்தியானமே தொடங்கிவிடும். கிளைவின் வாத்தியங்களைக் கவனிக்கும் டெக்னீஷியன் லூயிஸ்தான் எனக்கும் எல்லாவற்றையும் மாட்டித் தருவான். டெக்சஸில் சான் அன்டோனியோக்காரன், இரண்டு சின்னப் பெண் குழந்தைகளின் தகப்பன். அவர் முன்னால் இருக்கும் எலெக்ட்ரிக் பியானோ, ஆர்கன் எதுவோ அதுவே என் முன்னாலும். சுருதி, சத்தம், பெடலின் இறுக்கம் எல்லாவற்றையும் அவன் ஒவ்வொன்றாகச் சொல்ல, நான் தொட்டுப் பார்த்துத் தலையாட்டுவேன். என் இயர்பீஸில் கிளைவ் வாசிப்பது கேட்கும். எதிரே ஒரு சின்னத் திரையில் அவர் கைகள் தெரியும். லூயிஸ் என் பக்கத்திலேயே உட்காருவான். அவனிடம் ஒரு மைக் இருக்கும், அதில் பேசினால் கிளைவின் இயர்பீஸில் மட்டும் கேட்கும்.

கச்சேரி முழுக்க என் கண் பல்புக்கும் திரைக்கும் நடுவே போய்வந்துகொண்டிருக்கும். அது எரியக்கூடாது என்று துஆ செய்வேன். ஒருமுறையாவது எரியட்டும் என்று மனதின் ஏதோ ஒரு மூலையில் தோன்றும். தோன்றியதும் இன்னும் அதிகமாக துஆ செய்வேன். அவர் விரலில் ஒரு தயக்கம் தெரிந்தால் எனக்கு வியர்த்துவிடும்.

தொந்தரவு பே ஏரியாவில் ஆரம்பித்தது. கச்சேரிக்கு முன்னால் நடக்கும் சவுண்ட் செக்கில் கிளைவ் எலெக்ட்ரிக் பியானோவில் ஒரு சுரத்தைத் திரும்பத் திரும்ப அடித்தார். சுருதி இறங்கியிருக்கிறது என்றார். லூயிஸ் மீட்டரை வைத்துப் பார்த்தான், சரியாக இருந்தது. வேறு மீட்டர் கொண்டுவந்தான். அதிலும் சரியாக இருந்தது. கிளைவ் அப்படியே வாசித்தார். அடுத்த நாளும் அதே புகார். லூயிஸ் பியானோவையே மாற்றினான். புதியதும் இறங்கியிருக்கிறது என்றார். மூன்றாவது நாள் சவுண்ட் செக்கின்போது அவர் டிரான்ஸ்போஸ் பட்டனைத் தட்டி, முழு வாத்தியத்தையும் அரைக் கட்டை உயர்த்திவிட்டார். அதாவது ஒரு கட்டையை அழுத்தினால் அதற்கு அடுத்த கட்டையின் சத்தம் வரும். மற்றவர்கள் சேர்ந்ததும் காது கூசியது. பாடகர் சிரித்துவிட்டு நிறுத்தினார். கிளைவ் சிரிக்கவில்லை. லூயிஸைப் பார்த்து, "என் வாத்தியத்தை யார் கெடுக்கிறது?" என்று கேட்டார்.

அவர் அப்படிப் பேசி அதற்கு முன் யாரும் கேட்டதில்லை. லூயிஸின் முகம் வெளிறிவிட்டது. அன்று சாயங்காலம் டயான் அவனைத் தனியாக அழைத்துப் பேசினாள். டெக்சஸில் முதல் கச்சேரி முடிந்ததும் வேறு ஆள் வருகிறார், அவன் அங்கேயே ஊருக்குப் போய்க்கொள்ளலாம் என்றாளாம். அவன் சண்டை போடவில்லை. கேபிள்களைச் சுற்றிக்கொண்டே, தான் எங்கே தப்பு செய்தோம் என்று என்னிடம் கேட்டான்.

அவன் தப்பு செய்யவில்லை. அது எனக்கு நிச்சயமாகத் தெரியும். கிளைவ் கேட்ட அதே சத்தத்தைத்தான் என் இயர்பீஸிலும் கேட்டுக்கொண்டிருந்தேன். வாத்தியம் சரியாக இருந்தது. அப்படியானால் சரியில்லாதது எது என்று யோசிக்க எனக்குத் தைரியம் வரவில்லை. யோசித்ததும் அடுத்த யோசனை வந்துவிட்டது. அவருடைய காது கெட்டுவிட்டது என்று நான் போய்ச் சொன்னால் அந்த ஸ்டூலில் உட்காரப்போவது யார்? நான்தான். அதற்காகவே என்னைக் கூட்டிவந்திருக்கிறார்கள். உண்மையைச் சொல்கிறேனா, அந்த இடத்துக்கு ஆசைப்பட்டுச் சொல்கிறேனா என்று மற்றவர்கள் கேட்பது இருக்கட்டும். எனக்கே பதில் தெரியவில்லை.

ரஃபீக்குக்குப் போன் செய்தேன். அவருக்கு எல்லாம் நேர்க்கோடு. "மேனேஜர்கிட்ட சொல்லிடு மெஹர். அதுக்குத்தானே மேனேஜர் இருக்காங்க. நீ ஏன் போட்டுக் குழப்பிக்கிற" என்றார். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. கச்சேரியில் கிளைவ் பட்டனைத் தொடாமல் பொறுத்துக்கொண்டு வாசிப்பது திரையில் தெரிந்தது. விரல்கள் சரியான இடத்தில்தான் விழுந்தன, ஆனால் ஒவ்வொன்றும் விழுவதற்கு முன்னால் ஒரு நொடி யோசித்தது.

சபீனா பக்கத்திலேயே குபெர்டினோவில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். ஓய்வு நாளில் என்னை அவள் வீட்டுக்கு டிரைவ் பண்ணிக் கூட்டிப்போனாள். ஃப்ரீவேயில் டிராஃபிக்கில் நின்றபோது எல்லாவற்றையும் சொன்னேன். அவள் தமிழில் கேட்டுக்கொண்டு இங்கிலீஷில் பதில் சொல்பவள்.

"டெல் ஹிம், அம்மா. நாட் தெம்."

"அவர்ட்ட எப்படிடி சொல்றது? அவர் காதை எடுத்துட்டா அவர்ட்ட என்ன இருக்கு?"

"ஹி ஆல்ரெடி நோஸ் சம்திங் இஸ் ராங். ஹி ஜஸ்ட் திங்க்ஸ் இட்ஸ் லூயிஸ்."

டெக்சஸில் முதல் கச்சேரி டாலஸுக்கு வெளியே ஒரு திறந்தவெளி மைதானத்தில். முந்தைய நாள் காலை ஹோட்டலின் விருந்து ஹாலில் ஒரு நிஜப் பியானோ இருப்பதைப் பார்த்தேன். மரப் பியானோ, மின்சாரமே இல்லாதது. லூயிஸ் தொடாதது. கிளைவ் தேநீர் குடித்துக்கொண்டிருந்த மேசைக்குப் போய், கொஞ்சம் வரமுடியுமா என்று கேட்டேன். ஏன் என்று கேட்காமல் கப்பை எடுத்துக்கொண்டே வந்தார்.

நடுவில் உள்ள ஒரு கட்டையை அழுத்தினேன். எப்படி இருக்கிறது என்று கேட்டேன். இறங்கியிருக்கிறது, இதுவுமா என்றார். இடது காதை விரலால் மூடிக்கொள்ளச் சொல்லிவிட்டு மறுபடி அழுத்தினேன். இறங்கியிருக்கிறது. அடுத்தது வலது காதை மூடிக்கொள்ளச் சொன்னேன். திறந்திருந்த இடது காதில் அவருக்குக் கேட்பது குறைவு என்று தெரியும். பல வருஷம் டிரம்ஸின் பித்தளைத் தட்டுகள் அவருக்கு இடது பக்கம்தான் இருந்தன. அதனால் அவரைக் குனியச் சொல்லி, பலமாக அழுத்தினேன்.

அவர் கையை எடுத்துவிட்டு மறுபடி மூடினார். இடது, வலது, இடது. நான் அழுத்திக்கொண்டே இருந்தேன். ஒரே கட்டை, இரண்டு காதில் இரண்டு சுருதி. சரியாகக் கேட்கும் காது பலமில்லாதது. பலமான காது தப்பாகக் கேட்கிறது. மேடைச் சத்தத்தில் அவர் நம்பியிருந்ததெல்லாம் அந்தப் பலமான காதைத்தான்.

"எப்போ தெரிஞ்சது உங்களுக்கு?" என்று கேட்டார்.

"லூயிஸ் ரெண்டாவது பியானோ கொண்டுவந்த அன்னிக்கு."

"யார்ட்ட சொன்னீங்க?"

"என் வீட்டுக்காரர்ட்ட, என் மகள்ட்ட. இங்க யார்ட்டயும் இல்ல."

அவர் பியானோவின் மூடியை இறக்கினார். சத்தம் வராமல் மெதுவாக இறக்கினார். அந்த ஸ்டூல் எனக்கு வசதியாக இருக்கும் என்று நினைக்கிறீர்களா என்று கேட்டார். அதில் குத்தல் இருந்ததா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எனக்குப் பயமாக இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டுத் தேநீர்க் கப்பை அங்கேயே விட்டுவிட்டுப் போனார். நம்பினாரா, இல்லை அவர் இடத்துக்கு வலை விரிக்கிறேன் என்று நினைத்தாரா என்று தெரியாமல் அன்று பகல் முழுக்க அறையில் கிடந்தேன்.

மறுநாள் கச்சேரி, வெயில் இறங்கும் முன்பே. மேடைத் தகரம் காய்ந்து, கறுப்புத் துணிக்குப் பின்னால் அடுப்படி மாதிரி இருந்தது. லூயிஸுக்கு அதுதான் கடைசி நாள். வழக்கத்தைவிட நிதானமாக எல்லாவற்றையும் சரிபார்த்தான். சவுண்ட் செக்கில் கிளைவ் ஒரு புகாரும் சொல்லவில்லை. வலது காதில் இயர்பீஸுக்குப் பதில் பஞ்சடைத்திருந்ததைக் கவனித்தேன். அதனால் பெரிய பயன் இருக்காது என்று எனக்குத் தோன்றியது. அவ்வளவு பெரிய மேடையில் சத்தம் காது வழியாக மட்டும் வருவதில்லை, எலும்பு வழியாகவும் உள்ளே போகும்.

முதல் பாட்டுகள் நல்லபடியாகப் போயின. அந்தக் குழுவின் பெரிய பாட்டு நடுவில் வரும். அதன் தொடக்கத்தில் கிளைவ் தனியாகக் கொஞ்ச நேரம் வாசிப்பார், விளக்கு அவர்மேல் மட்டும் விழும். பிறகு கிதாரும் பேஸும் சேர, பாடகர் தொடங்குவார். முந்தின பாட்டு முடிந்து கைதட்டல் அடங்கியதும் அவர் கை திரையில் கட்டைகள்மேல் வந்தது. முதல் கார்டை வைத்தார். ஜனங்கள் ஆரவாரித்தார்கள்.

என் கையும் அதே கட்டைகள்மேல் இருந்தது. என் காதில் என் சத்தமும் அவர் சத்தமும் சேர்ந்து கேட்டபோது இரண்டும் மோதின. அவர் சத்தம் அரைக் கட்டை மேலே இருந்தது. விளக்கு மாறிய நேரத்தில் பட்டனைத் தட்டியிருக்கிறார்.

தனியாக வாசிக்கும்வரை யாருக்கும் தெரியாது, அழகாகத்தான் இருக்கும். பாடகர்கூடச் சமாளித்துவிடுவார், பியானோ எங்கே இருக்கிறதோ அங்கே ஏறிக்கொள்வார். கிதாரும் பேஸும் ஏற முடியாது. அவை சேரும் நொடியில் எல்லாம் உடையும். லூயிஸ் என்னைப் பார்த்தான். அவனுக்கும் தெரிந்துவிட்டது, உடனே டயானுக்குச் சொல்லிவிட்டான். அவன் ஹெட்செட்டில் டயானின் குரல் எனக்கே கேட்டது. கிதார் சேரும் இடத்தில் கிளைவை மூடிவிட்டு என்னைத் திறக்கச் சொல்லி சவுண்ட் இன்ஜினியருக்கு உத்தரவு போட்டுக்கொண்டிருந்தாள். அது சரியான முடிவு. அவர் விரலும் என் விரலும் ஒரே கட்டைகளில்தான் இருக்கின்றன, பார்ப்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. பல்பு எரியும், நான் வாசிப்பேன். தன் பாட்டில் தான் இல்லை என்று அவருக்கே தெரியாமல் அவர் மீதியை வாசித்து முடிப்பார்.

லூயிஸிடம் கை நீட்டினேன். அவன் மைக்கைக் கொடுத்தான்.

"கிளைவ், அரைக் கட்டை மேல இருக்கீங்க."

திரையில் கை நிற்கவில்லை. கேட்டதா என்றே தெரியவில்லை. மறுபடி சொல்லலாமா என்று வாயெடுத்தேன், லூயிஸ் தலையை அசைத்து வேண்டாம் என்றான். கிதாரிஸ்ட் தோள் வாரைச் சரிசெய்துகொண்டு முன்னால் வருவது துணியின் இடுக்கில் தெரிந்தது. தனி வாசிப்பின் கடைசி வரி வந்தது. கிளைவ் அதை முடிக்காமல் மறுபடி முதலிலிருந்து எடுத்தார். கிதாரிஸ்ட் நின்று திரும்பிப் பார்த்தார். எனக்கு அப்போது புரிந்தது. அவர் நேரம் வாங்குகிறார். தன் காது சொல்வதையும் நான் சொன்னதையும் இரண்டு பக்கம் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

கடைசி வரி மறுபடி வந்தது. ஒரு கார்டை வைத்து, காலால் பெடலை அழுத்தி அப்படியே தொங்கவிட்டார். இடது கை கட்டைகளை விட்டு மேலே போனது. ஒரு விரல் பட்டனைத் தட்டியது. கை கீழே வந்து அடியில் ஒரே ஒரு சுரத்தை வைத்தது. மேலே தொங்கிக்கொண்டிருந்த கார்ட் அதோடு மோதி, தேய்ந்து, அடங்கியது. அந்த அடிச் சுரத்திலிருந்து பாட்டு அரைக் கட்டை இறங்கி மறுபடி கிளம்பியது. ஏதோ புதிதாகச் சேர்த்திருக்கிறார்கள் என்று ஜனங்கள் கத்தினார்கள். கிதார் சேர்ந்தது. பேஸ் சேர்ந்தது. எல்லாம் பொருந்தியது. பல்பு எரியவில்லை.

அந்தப் பாட்டு முழுக்க நான் வாசிக்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாசிக்கவேண்டியது என் கடமை, கை எழவில்லை. அவருக்கு ஒவ்வொரு சுரமும் தப்பாகக் கேட்டுக்கொண்டிருந்தது என்பது அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும். குழு முழுக்க ஒரு சுருதியில் இருக்க, அவர் மட்டும் உள்ளே வேறு ஏதோ அசிங்கத்தைக் கேட்டுக்கொண்டு, விரலின் நினைவையும் நான் சொன்ன ஒரு வாக்கியத்தையும் பிடித்துக்கொண்டு வாசித்தார். ஒரு இடத்திலும் பிசகவில்லை. மிச்சக் கச்சேரியையும் அப்படியே முடித்தார்.

இறங்கி வந்து நேராகத் துணியை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார். சட்டை நனைந்து ஒட்டியிருந்தது. எத்தனையோ கச்சேரிகளில் என்னிடம் அவர் கேட்காத கேள்வியைக் கேட்டார்.

"எப்படி இருந்தது?"

"சரியா இருந்தது. எல்லாமே சரியா இருந்தது."

"சந்தோஷம்" என்றார். "எனக்குக் கேக்கக் கொடுத்துவைக்கல."

லூயிஸ் தன் பெட்டியை மூடிக்கொண்டிருந்தான். கிளைவ் அவன் பக்கத்தில் ஒரு கேபிள் பெட்டிமேல் உட்கார்ந்து, தான் பேசுவதை நான் கேட்கவேண்டாம் என்பதுபோல் முதுகைத் திருப்பிக்கொண்டு கொஞ்ச நேரம் அவனோடு பேசினார். என்ன பேசினார் என்று நான் கேட்கவில்லை. அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன். அப்புறம் அவரே டயானைத் தேடிப் போனார். தன் காதைப் பற்றி அவர் சொன்ன பிறகு லூயிஸின் வேலை போகவில்லை. கிளைவ் அந்த வாரமே இங்கிலாந்துக்குத் திரும்பினார். டெக்சஸின் மீதிக் கச்சேரிகளை அவர் ஸ்டூலில் உட்கார்ந்து நான் வாசித்தேன், துணிக்கு முன்னால், வெளிச்சத்தில். ஏதாவது ஒரு போனில் அதன் வீடியோ இருக்கலாம். எனக்கு அதில் மகிழ்ச்சி இருந்தது என்று சொன்னால் அது முழு உண்மை இல்லை. ஒவ்வொரு பாட்டின் தொடக்கத்திலும் இது சரியான சுருதிதானா என்று லூயிஸின் பக்கம் திரும்பினேன். அவன் கட்டைவிரலை உயர்த்திய பிறகுதான் கை வைத்தேன். அடுத்த டூருக்கு ஒரு இளைஞரை எடுத்துக்கொண்டார்கள். நான் தியேட்டருக்கும் ஸ்டூடியோவுக்கும் திரும்பினேன், விரல்கள் இறுகத் தொடங்கும்வரை வாசித்துவிட்டு நிறுத்திக்கொண்டேன்.

கிளைவை மறுபடி பார்க்கவில்லை. ஆனால் போன் வந்தது. முதல் தடவை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தது. நான் பியானோவைத் துடைத்துக்கொண்டிருந்தேன். டாக்டர்கள் ஒன்றும் செய்யமுடியாது என்று சொல்லிவிட்டார்கள் என்றார். வீட்டில் பாட்டு வைப்பதில்லையாம். மனைவி காரில் ரேடியோ போட்டால்கூட அணைத்துவிடுகிறாராம். தோட்டத்தில் பறவைகள் பரவாயில்லை, அவற்றின் சுருதி சரியா தப்பா என்று தனக்குத் தெரியாது என்றார்.

பிறகு, போன் என்றால் ஒரு காதில் மட்டும்தான் வைத்துக்கொள்ள முடியும், சரியாகக் கேட்கும் காதில் அழுத்தி வைத்துக்கொண்டால் மற்றது கலப்பதில்லை என்று கண்டுபிடித்திருப்பதாகச் சொன்னார். உங்கள் பக்கத்தில் பியானோ இருக்கிறதா என்று கேட்டார்.

பெரிய பாட்டின் தொடக்கத்தை வாசிக்கட்டுமா என்றேன்.

"பாட்டு வேண்டாம் மெஹர்" என்றார். முதல் தடவையாக என் பெயரைச் சொன்னார், சரியாகவே சொன்னார். "ஒவ்வொரு கட்டையா அடிங்க. கீழேருந்து மேல வரைக்கும்."

அடியில் உள்ளவை போனில் சரியாக விழாது என்றேன். விழுகிற இடத்திலிருந்து போதும் என்றார். போனை பியானோவின் மேல் வைத்துவிட்டு ஆரம்பித்தேன். ஒவ்வொன்றையும் அழுத்தி, சத்தம் முழுக்கத் தேயும்வரை பிடித்திருந்தேன். கறுப்புக் கட்டைகளையும் விடவில்லை. சமையலறையிலிருந்து ரஃபீக் எட்டிப் பார்த்து, பியானோவுக்கு என்ன ஆச்சு என்று கையால் கேட்டார். ஒன்றுமில்லை என்று தலையாட்டினேன்.

கடைசிக் கட்டையை அடித்துவிட்டுப் போனை எடுத்தேன். அந்தப் பக்கம் மூச்சுவிடும் சத்தம் மட்டும் இருந்தது. வைத்துவிட்டாரோ என்று பயந்து, கிளைவ், இருக்கிறீர்களா என்று கேட்டேன்.

"இருக்கேன்" என்றார். "இன்னொரு தடவை. இன்னும் கொஞ்சம் மெதுவா."

நாற்காலியை இடது பக்கம், கீழ்க் கட்டைகளுக்கு நேராக இழுத்துப் போட்டுக்கொண்டேன்.